பதினோராவது கட்டு

துடுப்பால் அடித்தால் மண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று வலைக்காரிக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. அடித்தவன் கூடப்பிறந்த தம்பி. அடி வாங்கியவர் கட்டிய புருஷன். வெயில் இன்னும் ஏறவில்லை. அவள் கரையில் குந்திச் சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பானை கையிலிருந்து நழுவி ஆற்றோடு போனதை அவள் கவனிக்கவே இல்லை.

யார் மேல் தப்பு என்று கேட்டால் சொல்வது கஷ்டம். முதலில் கை ஓங்கியவர் புருஷன்தான். ஆனால் மனுஷன் மேல் ஓங்கவில்லை, படகின் மேல் ஓங்கினார். மடுவுக்குக் காவல் அவர். மீன் முட்டையிடும் இரண்டு மாதமும் அந்த ஆழத்துப் பக்கம் ஒரு படகும் வரக்கூடாது என்பது மீனவர் சங்கத்தின் கட்டளை. மச்சினன் படகு அங்கே கரையோரமாக நிற்பதைப் பார்த்ததும் கடப்பாரையோடு போய் அடிப்பலகையில் நாலு போடு போட்டார். தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே ஏறியது. தம்பி துடுப்பைத் தூக்கினான், இறக்கினான். இரண்டாம் தடவை தூக்கியபோது அவள் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தாள். அந்த அடி அவள் தோளில் இறங்கியது.

"தள்ளிப் போக்கா! இன்னைக்கு இந்தாளை முடிச்சிட்டுத்தான் மறுவேலை!"

"என்னை முடிச்சிட்டு அவரை முடி! அடிடா, இன்னொன்னு அடி! வளர்த்தவளுக்கு இதுவாவது கொடு!"

அவன் துடுப்பை ஆற்றில் வீசி எறிந்தான். மூழ்கிக்கொண்டிருந்த படகைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கரையேறி நடந்தான்.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். நர்ஸம்மா வாய் சும்மா இருக்காது.

"எப்படி அடிபட்டுது?"

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றார் காவல்காரர்.

"வழுக்கி விழுந்தவருக்கு உச்சந்தலையில எப்படிய்யா அடிபடும்? தலைகீழா நடந்தீரா?"

வலைக்காரிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்து வாடையை இழுத்தபடி நின்றாள். புருஷன் தலையைச் சுற்றி நர்ஸம்மா வெள்ளைக் கட்டுத்துணியை இறுக்கிச் சுற்றி, காதுக்கு மேலே ஒரு முடிச்சுப் போட்டாள்.

இந்தப் பகை நேற்று முளைத்ததல்ல. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆற்றில் மீன் என்று ஒன்று இல்லாமலே போனது. மேலே லாரி லாரியாக மணலை அள்ளினார்கள், கரை சரிந்து மடு தூர்ந்தது. ஆற்றுக்குக் குறுக்கே நின்ற பழைய கல் தடுப்பைத் தாண்டி மேலே ஏற மீனுக்கு வழியில்லை. மிச்சம் இருந்த ஒன்றிரண்டையும் தண்ணீரில் வெடித்தோட்டா போட்டுக் கொன்றார்கள். வலை போட்டால் செருப்பு வந்தது, பாட்டில் வந்தது, ஒருமுறை சைக்கிள் செயின் வந்தது. அப்போதுதான் மீன்துறையிலிருந்து ஆபீசரம்மா வந்தாள். ஒல்லியான பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். "மீனுக்கு வீடு கட்டணும்" என்றாள். "எத்தனை பெட்ரூம்?" என்று கூட்டத்தில் எவனோ கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், ஆபீசரம்மாவும் சிரித்தாள், மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் சேற்றில் இறங்கி நின்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, தெருவே இறங்கி வேலை செய்தது. மடுவைத் தோண்டினார்கள். கல் தடுப்பில் இரண்டு ஆள் அகலத்துக்கு வாய் திறந்தார்கள். சரிந்த கரையில் நாணலும் மரக்கன்றுகளும் நட்டார்கள். அப்புறம் முள் கிளைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, கல்லை வைத்து, மடுவின் அடியில் இறக்கினார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு கட்டு. குஞ்சு ஒளிந்துகொள்ளவும் முட்டை ஒட்டிக்கொள்ளவும் அதுதான் வீடு.

"கட்டறதுக்குச் சணல் கயிறு மட்டும்தான்" என்று ஆபீசரம்மா படித்துப் படித்துச் சொன்னாள். "ரெண்டு வருஷத்துல மக்கிடும். மக்கட்டும், திரும்பக் கட்டிக்கலாம்."

காவல்காரருக்கு அது தலையில் ஏறவில்லை. ஆயுசு முழுக்க இற்றுப்போன கயிற்றோடு மல்லுக்கட்டியவர் அவர். இத்துப்போகிற கயிற்றைத் தெரிந்தே தண்ணீருக்குள் கட்டச் சொல்கிறாளே, படித்த பெண்ணுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று வீட்டில் வந்து பொரிந்தார். வலைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். நைலான் என்றால் அவர்களுக்குச் சாமி மாதிரி. அந்தம்மா ஊருக்குப் போயிருந்த வாரத்தில் கிழிந்த நைலான் வலைகளை எல்லாம் வெட்டி அதில்தான் கட்டினார்கள்.

முதல் பதினோரு கட்டுக்குப் போன வலை தம்பியுடையது. அவன் சொந்தப் படகு வாங்கியபோது பதினோரு மாதம் உட்கார்ந்து அக்கா பின்னிக் கொடுத்த வலை அது. தடை போட்ட முதல் வருஷமே அவன் அதை மடுவில் வீசி மாட்டிக்கொண்டான். சங்கம் வலையைப் பறித்து அழிக்கச் சொன்னது. காவல்காரர் அதை வீட்டு வாசலில் போட்டு, அவள் கண்ணெதிரே, பட்டை பட்டையாக வெட்டினார். "கட்டு" என்றார். அவள் கட்டினாள். தம்பி தெருவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த நாள் கல் உடைக்கும் குவாரிக்கு வேலைக்குப் போய்விட்டான். தோட்டா அவன் கைக்கு வந்தது அங்கேதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் காவல்காரர் படுக்கவில்லை. அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து மீன்குத்தும் ஈட்டியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தார். அவள் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் தள்ளினாள்.

"சாப்பிடுங்க."

"பசிக்கலை."

"அதை எதுக்குத் தீட்டறீங்க?"

"மீன் குத்த."

"மடுவுல மீன் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் பேசறவரே நீங்கதானே? எந்த மீனைக் குத்தப் போறீங்க?"

"ரெண்டு கால் மீனு" என்றார். கல்லில் தண்ணீர் தெளித்தார். "அவன் உன் தம்பிங்கறதுக்காக எத்தனை நாள் பொறுத்துக்கறது? நேத்து மூணு பேர் முன்னாடி சொல்லியிருக்கான், மடுவுல தோட்டா போடுவேன்னு. சினை மீனு எல்லாம் இப்ப அங்கதான் நிக்குது. நாலு வருஷம் ஊரே சேத்துல நின்னது ஒரு நிமிஷத்துல போயிடும். விட்டுருவேனா?"

"போலீஸ்ல சொல்லுங்க."

"போலீஸ் வர்றதுக்குள்ள கருவாடு ஆயிடும்."

"எம் பேச்சைக் கேளுங்க. எனக்குப் பிள்ளை இல்லை, அப்பா அம்மா இல்லை. இருக்கறது நீங்க ரெண்டே பேரு. ஒருத்தர் செத்து இன்னொருத்தர் ஜெயிலுக்குப் போனா, நான் இந்தச் சுவத்தோடதான் பேசிட்டு இருக்கணும்."

அவர் ஈட்டி முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ரத்தம் துளிர்த்தது. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அப்படியே தெருவைக் கடந்து தம்பியின் அறைக்குப் போனாள். ஒற்றை அறை, ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, சுவரில் மாட்டிய குவாரித் தொப்பி. பெட்டியின் மேல் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. அது என்னவென்று கேட்க வேண்டியதில்லை, தோட்டாதான். தட்டைக் கீழே வைத்துவிட்டு, விட்டாள் ஒரு அறை.

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "இன்னும் பலம் குறையலை உனக்கு."

"அதைக் கொடு. ஆத்துல போட்டுட்டு வரேன்."

"நானும் ஆத்துலதான் போடப் போறேன்." சிரித்தான். "படகு ஓட்டை. வலை முள்ளுக்குக் கட்டியாச்சு. வேற என்னக்கா இருக்கு எங்கிட்ட?"

"படகை நான் சரி பண்ணித் தரேன். புது வலை பின்னித் தரேன்டா. இன்னும் இருபது நாள்ல மடுவைத் திறந்துடுவாங்க. எல்லாரோடயும் சேர்ந்து போடு. போன வருஷம் எவ்வளவு விழுந்துச்சு, பார்த்தேல்ல? கீழ இருக்கற ஊர்க்காரன்கூட வயிறாரச் சாப்பிட்டான்."

"பார்த்தேன். குவாரி மேல நின்னு பார்த்தேன். எல்லாரும் கூடை கூடையா அள்ளறான். என் வலை அடியில கிடந்து அவனுங்க மீனுக்குத் தொட்டில் கட்டுது." அவன் அக்காவை நேருக்கு நேர் பார்த்தான். "வெட்டினது அந்தாளுன்னா சரி, அவரு குணம் அது. நீ ஏன்க்கா கட்டினே?"

அவள் பொட்டலத்தின் மேல் பாய்ந்தாள். அவன் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தள்ளினான். அடிபட்ட தோள் சுவரில் மோதி உயிரே போனது. அவள் எழுந்திருப்பதற்குள் அவன் வாசலைத் தாண்டி ஓடிவிட்டான். தட்டு கவிழ்ந்து சோறு அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது.

அவள் தெருவில் அலறியதைக் கேட்டுக் காவல்காரர் ஈட்டியோடு வெளியே வந்தார். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்து ஓடினார்கள். உச்சி வெயில். நாணலுக்கு அந்தப் பக்கம் இருந்தபோதே சத்தம் கேட்டது. காதில் கேட்டதைவிடக் காலடியில்தான் அதிகம் தெரிந்தது. கரை ஒரு தடவை குலுங்கியது. மடுவின் நடுவில் தண்ணீர் கொப்பளித்து எழுந்து, பழுப்பாக விழுந்தது.

அப்புறம் மீன்கள் மேலே வந்தன. வெள்ளை வயிறு வெள்ளை வயிறாக, கெண்டையும் கெளுத்தியும். வயிறு வெடித்துச் சினை பிதுங்கி, மஞ்சளாக நீர் மேல் பரவியது. இன்னும் செவுள் அடித்துக்கொண்டிருந்தவையும் இருந்தன. வலைக்காரி எத்தனையோ ஆயிரம் மீனைக் கழுத்தறுத்தவள். இதைப் பார்க்க அவளால் முடியவில்லை. அடப்பாவி, அடப்பாவி என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

தம்பி யாருடைய படகிலோ நின்றுகொண்டிருந்தான். தோட்டா போட்டால் பாதி மீன் மிதக்கும், பாதி அடியில் போய் உட்காரும். பெரிய மீன் அடியில்தான். அவன் அக்காவையும் மாமாவையும் பார்த்தான், கையை உயர்த்திக் காட்டினான், சாக்குப் பையோடு குதித்தான். ஒரு தடவை மேலே வந்து, தொடை பருமன் மீன் ஒன்றைப் படகில் எறிந்தான். மறுபடி முங்கினான்.

வரவில்லை.

படகு தானாகச் சுற்றியது. பதினோராவது கட்டு இருக்கிற இடத்தில் குமிழிகள் வந்தன, பெரிதாக, அப்புறம் சிறிதாக.

"வலையில மாட்டிக்கிட்டான்" என்றாள். "போங்க! என்னங்க, போங்க!"

காவல்காரர் ஈட்டியைப் போட்டார். இடுப்புக் கத்தியைப் பல்லில் கவ்வினார். பாய்ந்தார். நாற்பத்திரண்டு கட்டும் எங்கெங்கே இருக்கிறது என்று அவருக்கு வாயிலிருக்கிற பல் மாதிரி தெரியும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாள். நாற்பது வரை எண்ணியபோது அவர் மேலே வந்தார். தலையில் கட்டு இல்லை. தையல் பிரிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது.

"காணோம்" என்றார்.

"என்ன காணோம்?"

"கலங்கிக் கிடக்கு. அங்க இல்லை. காணோம்."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அவ்வளவுதான், அதற்கு மேல் நேரமில்லை. அவர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள். பிடி கிடைக்காமல் அலகைப் பிடித்து உள்ளங்கை கிழிந்தது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தலைகுப்புற விழுந்தாள்.

கீழே ஒன்றும் தெரியவில்லை. கை முள்ளில் பட்டது. அப்புறம் ஒரு கால். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, நேராக அங்கேதான் இருந்தான். இரண்டு காலிலும் வலை முறுக்கிக்கொண்டிருந்தது. அவள் விரல் முடிச்சைத் தொட்டது. வலையின் மூன்று கண்ணுக்கு ஒரு இரட்டைச் சுற்று. உலகத்தில் வேறு எவளும் அப்படிப் போட மாட்டாள். அவள் வலைக் கண்களை ஒவ்வொன்றாக அறுக்கவில்லை, அறுத்துக்கொண்டே இருந்தால் விடியாது என்று அவளுக்குத் தெரியும். ஓரக்கயிற்றைத் தடவிப் பிடித்து இரண்டு இடத்தில் அறுத்தாள். வலை தளர்ந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு உதைத்து மேலே ஏறினாள்.

கரையில் கிடத்தியபோது அவன் நீலமாக இருந்தான். அவள் அவன் நெஞ்சில் குத்தினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். மறுபடி குத்தினாள். "எழுந்திருடா சனியனே! எழுந்திரு!" குத்திய குத்தில் விலா எலும்பு ஒன்று விட்டுப்போனது. அவன் வாயிலிருந்து சேறும் தண்ணீரும் கொட்டின. இருமினான்.

அப்போதுதான் அவள் அவன் வலக்கையைப் பார்த்தாள். விரல்கள் இறுகி மூடியிருந்தன. உள்ளே ஒரு வெள்ளைத் துணி, ரத்தக்கறையோடு. நர்ஸம்மா காதுக்கு மேலே போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

சங்கத் தலைவரும் தெரு ஜனமும் ஓடி வந்து சேர்ந்தபோது துணி அவள் இடுப்பில் இருந்தது.

"யாரு தூக்கினா? யாரு போனா உள்ள?" என்று தலைவர் இரைந்தார்.

காவல்காரர் தள்ளி நின்றார். தம்பி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாமாதான்" என்றான். "மாமா வந்து அறுத்துவிட்டாரு. அக்கா மேல இழுத்துச்சு."

"பார்த்தீங்களாய்யா!" தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "காலையில மண்டையை உடைச்சவன். அவனுக்காகத் தையல் பிரிய முங்கியிருக்காரு. மனுஷன்னா இவரு மனுஷன்!" காவல்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஜனங்கள் அவர் கையைத் தொட்டார்கள். வலைக்காரியின் உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அறை வாசலில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வலை இறுக்கிக் கிழித்த கால் தேறியதும் கூட்டிப் போவார்களாம். அவள் ரொட்டியை டீயில் நனைத்துத் தம்பிக்கு ஊட்டினாள்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"எங்கிட்ட நடிக்காதே. துணி உன் கையில இருந்துச்சு."

அவன் மென்று விழுங்கினான். விலா வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. "வந்தாருக்கா. கத்தியை வலையில வெச்சாரு, அறுத்தாரு ஒண்ணு ரெண்டு. நான் பயத்துல தலையைப் பிடிச்சிட்டேன். உதறினாரு. மேல போறப்ப குனிஞ்சு பார்த்தாரு. திரும்ப வரலை."

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாம்ல? அத்தனை பேர் இருந்தாங்களே!"

"சொல்லிட்டு நான் ஜெயிலுக்குப் போயிடுவேன். நீ எங்க போவே?" அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உனக்கு வேற வீடு ஏதுக்கா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் படுக்கை விளிம்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். போலீஸ்காரர் எழுந்து வராந்தாப் பக்கம் நகர்ந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியைத் துவைத்தாள். வாசல் கொடியில் எல்லாத் துணிக்கும் நடுவில் காயப் போட்டாள். காவல்காரர் வந்தார், பார்த்தார், படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கழுத்தை நெரிச்சுட்டான்" என்றார். "எனக்கு மூச்சு நின்னு போச்சு. முங்கறவன் பிடிச்சா எவனா இருந்தாலும் உதறத்தான் செய்வான்."

"சரி. உதறினீங்க. அதுல தப்பில்லை." அவள் வாளியைக் கவிழ்த்தாள். "மேல வந்து எங்கிட்ட ஏன் காணோம்னு சொன்னீங்க?"

கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு அவர் அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

நாலாம் நாள் ஆபீசரம்மா வந்தாள். படகில் மடு முழுக்கச் சுற்றினாள். இரண்டு முள்கட்டுகளை மேலே ஏற்றிப் பார்த்தபோது நைலான் கண்களில் மீன் எலும்புகள் வரிசையாகச் சிக்கியிருந்தன. அவள் கோபப்படவில்லை, அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். "வீடு கட்டச் சொன்னேன், பொறி வெச்சிருக்கீங்களே" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணக்குச் சொன்னாள். வெடி எட்டியது நடு மடுவோடு சரி. கல் தடுப்பைத் தாண்டி மேலே போன சினை மீன்கள் தப்பித்தன. நாணலுக்குள் குஞ்சு இருக்கிறது. ஆறு எழுந்துவிடும். ஆனால் வெள்ளம் வருவதற்குள் நாற்பத்திரண்டு கட்டிலும் வலையை அறுத்துவிட்டுச் சணலால் கட்டியாக வேண்டும்.

"என் வீட்டுக்காரர் முங்குவாரு" என்றாள் வலைக்காரி. "இடம் அவருக்குத்தான் தெரியும். கயிறு நான் பிடிச்சுக்கறேன்."

சங்கமே மெச்சியது. புருஷனும் பெண்டாட்டியுமாக என்ன ஒற்றுமை என்றார் தலைவர்.

காலையில் இரண்டு பேர் மட்டும் படகில் போனார்கள். தண்ணீர் இன்னும் கலங்கல்தான். காவல்காரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். அடியில் வலையில் சிக்கினால் இரண்டு தடவை சுண்டுவார், மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. மறுமுனையை அவளிடம் நீட்டினார். அவள் காயத்துணி சுற்றிய கையால் வாங்கிக்கொண்டாள். கொடியில் காய்ந்த அதே துணி.

"எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

"பதினோராவதுலேர்ந்து."

அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். கத்தியைப் பல்லில் வைக்கப் போனவர் திரும்பினார்.

"சுண்டினா இழுப்பேல்ல?" சிரித்துக்கொண்டே கேட்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் சோறு போட்ட முகம்.

"இறங்குங்க" என்றாள்.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினார். கயிறு அவள் உள்ளங்கைக் காயத்தை உரசிக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருந்தது. அவள் எண்ண ஆரம்பித்தாள். பிடியை இன்னும் இறுக்கவில்லை.